பாத்தியா அக்கா

புலியை நான் நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன். மலாயாவில், செடெனாக்கிலிருந்து கூலாய்க்குப் போகிற மண் சாலையில், காலை எட்டு மணிக்கு, பத்தடி தூரத்தில். அதன் இடது காது கிழிந்திருந்தது. மீசையில் பனித்துளிகள் இருந்தன.

ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற கிராணியாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கதையைப் பெரட்டுக் களத்தில் எடுத்துவிட்டேன். பெரட்டு என்றால் விடியும் நேரத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. கூப்பிடுகிறவனுக்கு ஒரு மரியாதை வேண்டும். என் உடம்பைப் பார்த்து யாரும் அதைத் தருவதாக இல்லை. குட்டை, அதற்கு ஈடு செய்ய ஒரு தொப்பை. என் சட்டையின் மூன்றாவது பொத்தானும் அதன் துளையும் சந்தித்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஆகவே புலியைத் துணைக்கு அழைத்தேன்.

ஆண்கள் வாயைப் பிளந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பெண்கள் வரிசையில் மூன்றாவதாக நின்றவள் மட்டும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேங்கிறேன். இடது காது கிழிஞ்சிருந்துச்சு. மீசையில பனி நின்னுச்சு."

"அப்ப பாக்கல," என்றாள். "பாத்தவன் ஓடியிருப்பான். மீசையில பனி இருக்கா இல்லையான்னு நின்னு பாக்க மாட்டான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் பார்த்தது எருமைக்கன்று, அதுவும் ஒரு பர்லாங்குக்கு அப்பால். ஓடியது மட்டும் நிஜம்.

அவளுடைய பெயரும் அவள் புருஷனுடைய பெயரும் எனக்குத் தெரியும். எஸ்டேட்டின் பேர்ப் புத்தகத்தில் இரண்டையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் புத்தகத்தில் எழுதியதற்கே இன்னும் பதில் சொல்லி முடியவில்லை. கூலி ஆட்கள் குடியிருந்த லயத்தில் எல்லோரும் அவளைப் 'பாத்தியா அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் அவள் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். சின்னவர்களிடம் 'நீ பாத்தியா?', பெரியவர்களிடம் 'நீங்க பாத்தீங்களா?' மரியாதையில் குறை வைக்கமாட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்பாள், பதில் எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கத் தயார் என்பதுபோல.

மலேரியாக் காய்ச்சல் கொசுவால் வருகிறது என்று எஸ்டேட்டில் மருந்து கொடுக்கிற டிரசர் சொன்னபோது அவரிடமும் கேட்டாள். அவர் கோபித்துக்கொண்டு, புத்தகத்தில் படித்தேன் என்றார். புத்தகம் எழுதினவர் பார்த்தாரா என்று கேட்டாள். மாரியம்மன் கொட்டகையில் பூசை செய்கிற பண்டாரம், ராத்திரி அம்மன் கனவில் வந்து நின்றாள் என்று சொல்லி உண்டியலைக் காட்டினார். அவரிடமும் கேட்டாள். பண்டாரத்துக்கு முகம் கறுத்தது. அவள் பணிவாகச் சொன்னாள், "மறுபடி வந்தா எனக்கும் ஆளனுப்புங்க சாமி. அம்மாகிட்ட நான் ரெண்டு வார்த்த கேக்கணும்."

என்ன இரண்டு வார்த்தை என்பதை அவள் புருஷன் ஒரு நாள் சொன்னான். அவன் அதிகம் பேசாதவன். ஊரில் கல் குவாரியில் வேலை பார்த்தவன். கடப்பாரையால் கல்லைத் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பான், அது ஏதோ பதில் சொல்லப்போகிறது என்பதுபோல. அவர்கள் கப்பலில் வந்தபோது கூட இரண்டு வயதுப் பெண் குழந்தை இருந்தது. சிங்கப்பூருக்கு எதிரே உள்ள தீவில் கப்பல் ஆட்களை இறக்கி, நோய் இல்லையென்று தெரிகிறவரை அடைத்து வைப்பார்கள். அங்கே தாய்க்கும் பிள்ளைக்கும் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு திரும்பியபோது பிள்ளையைக் காணோம். செத்துப்போய்ப் புதைத்தாயிற்று என்றார்கள். எங்கே என்றாள். அந்தப் பக்கம் என்று கையை வீசிக் காட்டினார்கள். யார் பார்த்தது என்றாள். ஆயா சொன்னாள் என்றார் ஒருவர், காவல்காரன் சொன்னான் என்றார் இன்னொருவர். இவன் அப்போது ஆண்கள் கொட்டகையில் அடைபட்டிருந்தான்.

"சொன்னவங்க இருவது பேருங்க ஐயா. பாத்தவங்க ஒருத்தரும் இல்ல," என்றான். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் துரை ஜப்பான்காரர். முதல் ஜெர்மன் சண்டை முடிந்த சமயம் அது. ஜொகூரில் அப்போது ஜப்பான்காரர்களின் ரப்பர் எஸ்டேட்டுகள் பல இருந்தன. மற்றத் துரைகள் சீமை ஓடு வேய்ந்த பங்களா கட்டிக்கொண்டார்கள். ஊரை விட்டு வருகிறவன் ஒரு தகரப் பெட்டியோடு வருவான். எங்கள் துரை வீட்டோடு வந்தார். அவருடைய ஊரில் இருநூறு வருஷத்துக்கு மேல் நின்ற பாட்டன் வீட்டைத் தூண் தூணாக, உத்திரம் உத்திரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மையால் குறியிட்டுக் கப்பலில் ஏற்றி, ஜொகூர் பாருவிலிருந்து ரயிலில் கொண்டுவந்து, எங்கள் ரப்பர் மரங்களுக்கு நடுவே மறுபடி நிறுத்திவிட்டார். கூடவே பழைய கோயில் ஒன்றின் கூரை வேய்ந்த வாசல். பின்னால் டீ குடிப்பதற்கென்றே ஒரு குடிசை. இவற்றைச் சுற்றித் தோட்டம். அதில் மணல் இருந்தது, பாசி இருந்தது, ஒரு குளமும் சிவப்பும் வெள்ளையுமாகக் கெண்டை மீன்களும் இருந்தன. கல் ஏராளம். பூ மட்டும் தேடினாலும் கிடைக்காது. லயத்தார் அதைக் கல்லுத் தோட்டம் என்றார்கள்.

அவர்களுடைய ராஜாவின் பிறந்த நாளன்று வருஷத்துக்கு ஒருமுறை வாசலைத் திறந்து, லயத்து ஆட்களையும் உள்ளே விடுவார் துரை. குளித்து, வெளுத்த துணி கட்டிக்கொண்டு வர வேண்டும். எதையும் தொடக்கூடாது. சுற்றிக் காட்டுகிற பொறுப்பு எனக்கு. துரை மலாயில் நாலு வார்த்தை சொல்லுவார், நான் அதைத் தமிழில் நாற்பது வார்த்தையாக ஆக்குவேன். முதல் வருஷம் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சரித்திரம் சொன்னேன். இது ராஜா உட்கார்ந்த கல், இது ராணி அழுத கல், இது போருக்குப் போன தளபதி திரும்பி வரும்வரை வியர்த்துக்கொண்டிருந்த கல். எல்லாம் கூலாய் மலையிலிருந்து போன மாசம் மாட்டு வண்டியில் வந்தவை.

பழைய வீட்டின் முன்னால் நின்று, இதில் ஓர் ஆணிகூடக் கிடையாது என்றேன். அபூர்வமாக அது உண்மை.

"நீங்க பாத்தீங்களா?" என்றாள் அவள்.

"துரை சொன்னாரு."

வீடு குட்டைக் கால்களின் மேல் நிற்கிற மாதிரி கட்டப்பட்டது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரைக்கும் பலகைக்கும் நடுவே நுழைந்துவிட்டாள். எண்பது பேர் காத்திருந்தோம். ஆட்களை மேய்க்கிற கங்காணி வியர்த்து விறுவிறுத்து என்னை முறைத்தார். கடைசியில் தலை நிறைய ஒட்டடையோடு மறுபக்கத்தில் எழுந்து நின்றாள். "இல்லதான்," என்றாள். திண்ணமாகத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் அவள் முகத்தை அவ்வளவு அழகாக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

அடுத்து டீக் குடிசை. அதன் வாசல் ஒரு நாய் நுழைகிற அளவுதான். எவ்வளவு பெரிய பிரபுவானாலும் கத்தியை வெளியே வைத்துவிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும், அங்கே எல்லோரும் சமம் என்றேன். துரை தவழ்ந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். இதோ நானே காட்டுகிறேன் பார் என்று தலையை விட்டேன். தோள் போயிற்று. தொப்பை போகவில்லை. பின்னாலும் வரவில்லை. சமத்துவத்தின் வாசலில் நான் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தேன். வெளியே கிடந்த பாதியை எண்பது பேர் பார்த்தார்கள். என் காலைப் பிடித்து இழுத்த இரண்டு பேரில் ஒருவன் அவள் புருஷன்.

"கல்லுன்னா ஆப்பு வச்சுத் தட்டலாம்," என்று அவன் சொன்னது கேட்டது. "கிராணி ஐயாவ எங்க தட்டறது?"

அவன் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பிறகு சின்னக் கிண்ணங்களில் பச்சைத் தேத்தண்ணீர் வந்தது. பாலும் இல்லை, சீனியும் இல்லை. வேப்பிலைக் கஷாயம் என்று சிலர் பாசியில் ஊற்றிவிட்டார்கள். அவள் முழுவதும் குடித்துவிட்டு, கசப்புதான் என்று உறுதி செய்தாள்.

அடுத்த வருஷத் திருநாளுக்குள் குளக்கரையில் ஒரு பெரிய கல் நிற்க வேண்டும் என்று துரைக்கு ஆசை. இரண்டு ஆள் உயரம். சிங்கப்பூரிலிருந்து அவர்கள் நாட்டுப் பெரிய மனிதர்களும் ஜொகூர் சர்க்கார் அதிகாரிகளும் விருந்துக்கு வருகிறார்கள். நாற்பது பேர், உருட்டுக் கட்டைகள், வடம், மூன்று வாரம். கல்லின் மனசு அறிந்தவன் என்று அவள் புருஷனைத் துரை முன்னால் நிறுத்தியிருந்தார். அவன் ஊரிலிருந்து கொண்டுவந்த கடப்பாரைதான் அவன் ஆயுதம். இந்த ஊர் வியர்வையில் கை வழுக்குகிறது என்று அதன் பிடியில் அவள் சணலைச் சுற்றிக் கொடுத்திருந்தாள்.

திருநாளுக்குப் பத்து நாள் இருந்தது. கல் குளக்கரைக்கு வந்துவிட்டது. சாயங்காலம் மழை பிடித்ததும் ஆட்களை லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கங்காணியும் அவனும் நானும் நின்றோம். கங்காணி ஆப்பைத் தட்டச் சொன்னார். மண் இளகியிருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றான். கங்காணி மறுபடி சொன்னார். தட்டினான். கல் நகர்ந்தது. அவன் குளத்துப் பக்கம் நின்றிருந்தான்.

குடையை நான் மடக்கவில்லை.

லயம் கூப்பிடு தூரம். கூப்பிட்டிருந்தால் நாற்பது பேரும் வந்திருப்பார்கள். முடிஞ்சு போச்சு தம்பி என்றார் கங்காணி. முடிந்துவிட்டதா என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

கங்காணி என் ஊர்க்காரர். ஏழாவது தேறியவன் என்று துரையிடம் சொல்லித்தான் நான் வேலையில் சேர்ந்தேன். ஏழாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். உள்ளே உட்காரச் சொல்லி எந்த வாத்தியாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அது கங்காணிக்குத் தெரியும். மழையில் நனைந்தபடி, என் தோளில் கை போட்டுக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"நீ என்ன தம்பி பாத்த?"

ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். அவன் சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டு ஓடிவிட்டான் என்றார். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் துரை மரச் செருப்போடு வந்தார். நிமிர்ந்து நிற்க வேண்டிய கல் குளத்தைப் பார்த்துச் சாய்ந்து, பாதி தண்ணீரில் இறங்கி நின்றது. ராத்திரி மழையில் மண் சரிந்துவிட்டது, பக்கத்தில் யாரும் இல்லை என்றார் கங்காணி. துரை வெகுநேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். "பியார்," என்றார் மலாயில். விட்டுவிடு என்று அர்த்தம். நாம் நினைத்த இடம் வேறு, அது தன் இடத்தைத் தானே தேர்ந்துகொண்டது, இதுதான் அழகு என்றார். கல்லுக்கு முன்னால் குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். அவர் யாரை வணங்குகிறார் என்று எங்கள் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாது.

பேர்ப் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே 'ஓட்டம்' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். ஜன்னலுக்கு வெளியே நின்றும் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். வாளி இல்லை, வேலைக்குப் போகவில்லை. அவன் ஓடிப்போனதை நான் பார்த்ததாகக் கங்காணி சொன்னாராம்.

"நீங்க பாத்தீங்களா?"

என் வாயைப் பற்றி நான் என்ன சொல்ல? அதைத் திறந்தால் போதும், வண்டி தானாக ஓடும். கூலாய் ஸ்டேஷனில் பார்த்தேன் என்றேன். சிங்கப்பூர்ப் பக்கம் போகிற ரயில். மூன்றாவது பெட்டி. பச்சைக் கட்டம் போட்ட கைலி. ஒரு சீனனிடம் கச்சான் கடலை வாங்கி, தோலை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

"கடப்பாரை வச்சிருந்தாரா?"

"தோள்ல வச்சிருந்தான். பிடியில சணல் சுத்தியிருந்துச்சுல்ல, அதுல ஒரு இழை பிரிஞ்சு காத்துல ஆடிக்கிட்டிருந்துச்சு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அப்ப பாக்கல' என்பாள் என்று எதிர்பார்த்தேன். "சரிங்க ஐயா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நம்பிவிட்டாள் என்று எனக்கு ஒரு நிம்மதி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு பெருமையும் இருந்தது. அந்தச் சணல் இழை நல்ல வேலை என்று நினைத்தேன்.

என் வேலை எவ்வளவு நல்லது என்று அந்த வாரமே தெரிந்தது. எங்கள் லயங்களில் நாலு ஆணுக்கு ஒரு பெண் இருந்தால் அதிகம். ஓடிப்போனவன் பெண்டாட்டியை இன்னொருவனுக்குக் கட்டிவைப்பது கங்காணிமார் வழக்கம். பெண்ணைக் கேட்பது வழக்கமில்லை. கங்காணியின் மச்சினன் ஒருவன் கள்ளுக்கடையே கதியாகக் கிடந்தான். திருநாளுக்கு மறுநாள் மாரியம்மன் கொட்டகையில் வைத்துத் தாலி முடிச்சு என்று பேச்சாகிவிட்டது. அவர் செத்திருந்தால் நான் தாலி அறுத்தவள், என்னை யாரும் கேட்க முடியாது என்று அவள் சொன்னாளாம். உசிரோடு ஓடினவனுக்கு நீ எப்படி அறுக்க முடியும் என்று கங்காணி கேட்டாராம். அவர் ஓடினதை யார் பார்த்தது என்றாளாம்.

"கிராணி பாத்தாரு," என்றார்களாம் எல்லோரும்.

ஆக, அவள் கழுத்தை அந்தக் குடிகாரன் கைக்குக் கொடுத்தது என் ஒரு வார்த்தை. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏழு நாள் இருந்தது. நான் அந்த ஏழு நாளும் வயிற்றுவலி என்று படுத்திருந்தேன். வயிறு உண்மையிலேயே வலித்தது. பெரிய வயிறு அல்லவா.

திருநாள் வந்தது. விருந்தாளிகள் பழைய வீட்டின் தாழ்வாரத்தில், குளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தொப்பி வைத்த ஜப்பான்காரர்கள், சர்க்கார் அதிகாரியாக ஒரு வெள்ளைக்காரர், அவர் மனைவி. சாய்ந்த கல்லைப் பார்த்து எல்லோரும் தலையை ஆட்டினார்கள். படம் பிடித்தார்கள். கெண்டை மீன்கள் வேறெங்கும் போகாமல் அந்தக் கல்லின் காலடியிலேயே மொய்த்துக் கிடந்தன. நிழல் பிடித்திருக்கிறது போலும் என்று துரைக்குச் சந்தோஷம்.

நான் எதிர்க்கரையில் லயத்தாரை நடத்திக்கொண்டு வந்தேன். ராஜா உட்கார்ந்த கல், ராணி அழுத கல், எல்லாவற்றையும் போன வருஷத்தைவிட வேகமாகச் சொன்னேன். சாய்ந்த கல்லுக்கு வந்ததும், வாங்க வாங்க, தேத்தண்ணி ஆறிடும் என்று நடையை எட்டிப் போட்டேன். அவள் நின்றுவிட்டாள்.

"இந்தக் கல்லப் பத்தி ஒண்ணும் சொல்லலியே, கிராணி ஐயா?"

"கல்லுதான். மலையிலேருந்து வந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"போன வருசம் முட்டியளவு கல்லுக்கெல்லாம் மூணு மூணு கத சொன்னீங்க. இவ்வளவு பெரிய கல்லுக்கு ஒரு கதகூட இல்லையா?"

நான் அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் தண்ணீரைப் பார்த்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. நான் பார்த்த இடத்தை அவள் பார்த்தாள். மீன்களைப் பார்த்தாள்.

தொடக்கூடாத தோட்டத்தில், வெளுத்த சேலையோடு குளத்தில் இறங்கினாள். இடுப்பு வரை போயிற்று. மீன்கள் விலகின. கல்லோடு கல்லாகச் சாய்ந்து, கன்னத்தை அதில் ஒட்டிக்கொண்டு, தோள் முங்கும் வரை கையை அடியில் விட்டுத் துழாவினாள். பழைய வீட்டின் அடியில் நுழைந்தபோது காத்திருந்த மாதிரியே எல்லோரும் காத்திருந்தோம். ஓரிடத்தில் கை நின்றது. விரல்கள் அங்கே எதையோ சுற்றிச் சுற்றி வருவது மேலே தோளில் தெரிந்தது. அவள் சுற்றிய சணலை அவள் விரலுக்குத் தெரியாதா?

கையை வெளியே எடுத்தாள். வளையல்களைக் கல்லில் அடித்து உடைத்தாள், முதலில் வலது கை, பிறகு இடது. மஞ்சள் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றிக் கல்லின் மேல் வைத்தாள். கரையில் நின்ற கங்காணியைப் பார்த்தாள்.

"எப்படி அறுக்க முடியும்னு கேட்டீங்கள்ல," என்றாள். "நான் பாத்துட்டேன்."

பெண்கள் ஓலமிட ஆரம்பித்தார்கள். தாழ்வாரத்தில் வெள்ளைக்காரர் மனைவி, இது ஏதோ பூசை என்று நினைத்துக் கை தட்டப் போய்ப் பாதியில் நிறுத்தினாள். துரை எழுந்து வெறுங்காலோடு கரைவரை வந்தார். என்ன இது என்று என்னை மலாயில் கேட்டார். அவர் முகத்தில் பயம் இருந்தது. உண்மையைச் சொன்னால் கேட்டுக்கொள்கிற முகம்.

எங்கள் ஜாதி வழக்கம் துரை, ராஜா பிறந்த நாளுக்குச் செய்வது என்றேன்.

அறுத்தவளைக் கட்டிக்கொள்ள மச்சினன் பயந்துவிட்டான்; முடிச்சு நின்றுபோயிற்று. ஆனால் அவள் அதோடு விடவில்லை. அவரை வெளியே எடுத்து நெருப்பு வைக்க வேண்டும் என்றாள். பிள்ளைக்குத்தான் கிடைக்கவில்லை, இவருக்காவது என்று லயத்துப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குப் போய் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, கூலி ஆட்களின் குறை கேட்கிற லேபர் துரை விசாரிக்க வந்தார்.

என் மேஜைக்குப் பின்னால் என் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். நல்ல மனிதர். எங்கள் துரையும் அங்கிருந்தார். அவன் உண்மையில் அடியில் இருந்தால் கல்லை எடுத்துவிடலாம் என்று அவரே சொன்னார். கங்காணி, கடப்பாரையை அவன் வீசிவிட்டு ஓடியிருப்பான், பொம்பளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார். லேபர் துரை என் பக்கம் திரும்பினார். குளத்தை வற்றவைத்துக் கல்லைப் புரட்டச் சொல்வது பெரிய வேலை, பார்த்த சாட்சி ஒருவன் சொன்னால் இன்றைக்கே உத்தரவு போடுகிறேன் என்றார். அவள் வாசலில், வளையல் இல்லாத கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பின்னால் கங்காணி தொண்டையைக் கனைத்தார்.

நீ பார்த்தாயா என்று லேபர் துரை இங்கிலீஷில் கேட்டார். அவளுடைய கேள்விதான்.

புலியைப் பார்த்தேன் என்றவன் நான். ரயிலைப் பார்த்தேன், கச்சான் தோலைப் பார்த்தேன், காற்றில் ஆடிய சணல் இழையைப் பார்த்தேன் என்றவன்.

"இல்லை," என்றேன்.

ஒரே வார்த்தை. முன்னும் பின்னும் ஒன்றும் சேர்க்கவில்லை. லேபர் துரை அதை எழுதிக்கொண்டார்.

அவள் அழவும் இல்லை, சபிக்கவும் இல்லை. நிலையிலிருந்து கையை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் மந்தமான பையன் ஒருவன் கடைசியில் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டால் வாத்தியார் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"இப்பத்தான் கிராணி ஐயா, நீங்க பொய் சொல்லக் கத்துக்கிட்டீங்க," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பெரட்டில் நான் பெயர் கூப்பிட்டால் வாளியைக் கீழே வைக்காமல் பதில் சொல்லுவாள். காலையில் பால்வெட்டுக்குப் போகுமுன் குளக்கரைக்குப் போய் நின்றுவிட்டு வருவாள்; துரை தடுக்கவில்லை. பதினோரு மாதம் அப்படி. அப்புறம் ஒரு நாள் வரிசையில் மூன்றாவது இடம் காலியாக இருந்தது. தெப்ராவ் பக்கம் ஓர் எஸ்டேட்டில் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டாள் என்றார்கள். அந்தத் தீவில் இறங்கிப் பிள்ளையைப் புதைத்த இடத்தைத் தேடுகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். சொன்னவர்கள் இருபது பேர் இருக்கும்.

கல்லுக்கு லயத்தார் மஞ்சள் பூசினார்கள். அடுத்த வருஷம் சுருட்டும் கள்ளும் வைத்தார்கள். முனி என்றார்கள். அது தானாக மலையிலிருந்து நடந்து வந்து குளத்தில் இறங்கியது என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொன்னார்கள். நானும் கைகூப்பி நின்றிருக்கிறேன். பேர்ப் புத்தகத்தைக் கரையான் தின்றிருக்காவிட்டால், அதில் இன்னும் என் அழகான கையெழுத்தில் 'ஓட்டம்' என்றுதான் இருக்கும்.

எழுதியதை ஒருமுறை திருப்பிப் படித்துப் பார்த்தேன். புலிக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறேன். டீக் குடிசை வாசலில் என் தொப்பை மாட்டியதற்கு அரைப் பக்கம். அந்த மழைச் சாயங்காலத்துக்குச் சில வரிகள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எங்காவது உயிரோடு இருந்து, யாராவது இதைப் படித்துக் காட்டினால், மற்றதற்கெல்லாம் நடந்துகொண்டே இருப்பாள். அந்தச் சில வரிகள் வரும்போது வாளியைக் கீழே வைப்பாள்.